டேவிட் கேசிடி: ஒரு கனவு நாயகனின் கலைவாழ்வு

டேவிட் கேசிடி (1950 ஏப்ரல் 12 – 2017 நவம்பர் 21) அமெரிக்க நடிகரும் பாடகரும் ஆவார். 1970 முதல் 1974 வரை ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி பாட்ரிட்ஜ் ஃபேமிலி' என்ற நகைச்சுவைத் தொடரில் கீத் பாட்ரிட்ஜ் என்னும் மூத்த மகனாக நடித்துப் புகழ்பெற்றார். அத்தொடருக்காக அவர் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து பெரும் விற்பனை கண்டன. தனிப் பாடகராகவும் அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விளையாட்டரங்குகளை நிரப்பினார். இருபத்து நான்காம் வயதில் இசைச் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிய அவர், பின்னர் மேடை நாடகங்களிலும் லாஸ் வேகஸ் அரங்குகளிலும் நெடுங்காலம் பணியாற்றினார்.

பதின்ம வயது ரசிகர்களுக்காக ஒரு நட்சத்திரம் எவ்வாறு உருவாக்கப்படுகிறார், அவரால் யார் பயன் பெறுகிறார்கள், அந்தப் புகழ் அவருக்கு என்ன விலை வைக்கிறது ஆகியவற்றை அறிய கேசிடியின் வாழ்க்கை தெளிவான எடுத்துக்காட்டாகும்.

கனவு நாயகன் என்னும் கருத்து

பதின்ம வயதினர், குறிப்பாக 10 முதல் 16 வயதுவரையுள்ள சிறுமியர், பெருந்திரளாக விரும்பிப் போற்றும் இளம் நடிகரையோ பாடகரையோ அமெரிக்க ஊடகங்கள் 'டீன் ஐடல்' என்று குறிப்பிடுகின்றன. தமிழில் இதைப் பதின்ம வயதினரின் கனவு நாயகன் எனலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்களில் வசதி பெருகியது. பிள்ளைகளின் கையில் செலவுக்குப் பணம் புழங்கியது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. இசைத்தட்டு, வார இதழ், சுவரொட்டிப் படம் ஆகியவற்றைத் தாமே வாங்கக்கூடிய ஒரு புதிய வாடிக்கையாளர் கூட்டம் இவ்வாறு உருவானது.

இதன் முதல் பெரிய எடுத்துக்காட்டு ரிக்கி நெல்சன். தம் பெற்றோருடன் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஓஸி அண்ட் ஹேரியட்' என்ற குடும்பத் தொடரில் நடித்துவந்த அவர், 1957இல் அத்தொடரிலேயே பாடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய பாடல், பில்போர்டு இதழ் புதிதாகத் தொடங்கிய 'ஹாட் 100' தரவரிசையின் முதல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வாரந்தோறும் தொலைக்காட்சியில் தோன்றும் ஒரு முகம் இசைத்தட்டை எவ்வளவு விரைவாக விற்கும் என்பதை இது தொழில்துறைக்குக் காட்டியது.

1966இல் ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிறுவனம் இந்த முறையை அடுத்த படிக்குக் கொண்டுசென்றது. நேர்முகத் தேர்வு நடத்தி நான்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து 'தி மங்கீஸ்' என்ற இசைக்குழுவையும், அதே பெயரில் ஒரு தொடரையும் உருவாக்கியது. ஆனால், புகழ்பெற்றதும் அந்த இளைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டுப் போராடினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம்தான் 'தி பாட்ரிட்ஜ் ஃபேமிலி' தொடரைத் தயாரித்தது.

பிறப்பும் குடும்பமும்

கேசிடி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஜாக் கேசிடி, பிராட்வே மேடைகளில் பெயர்பெற்ற நடிகரும் பாடகரும் ஆவார். பின்னாளில் மேடைக் கலைக்கான டோனி விருதும் பெற்றவர். தாய் ஈவ்லின் வார்டும் நடிகையே. பெற்றோர் இருவரும் ஊர் ஊராக நடிக்கச் சென்றதால், சிறுவன் டேவிட் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்.

1956இல் பெற்றோரின் மணவாழ்வு முறிந்திருந்தது. அதை யாரும் சிறுவனிடம் சொல்லவில்லை. தெருவில் உடன் விளையாடிய பிள்ளைகள் சொல்லித்தான் அவருக்கு அது தெரியவந்தது. அதே 1956ஆம் ஆண்டில் ஜாக் கேசிடி, நடிகை ஷர்லி ஜோன்ஸை மணந்தார். 'எல்மர் கான்ட்ரி' (1960) திரைப்படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றவர் இவர். இந்த மணத்தின் வழியாக ஷான், பாட்ரிக், ரயன் என்ற மூன்று தம்பியர் டேவிடுக்கு அமைந்தனர். பின்னர் தாயுடன் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த டேவிட், அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தார்.

தந்தையின் அன்புக்கும் பாராட்டுக்கும் ஏங்கிய மகனாகவே கேசிடி தம் தன்வரலாற்றில் தம்மைக் காட்டுகிறார். பிற்காலத்தில் மகன் அடைந்த புகழ், நடிப்பையே உயிராகக் கொண்டிருந்த தந்தையின் புகழை விஞ்சியது. இருவருக்கும் இடையில் இருந்த இடைவெளி அதனால் மேலும் பெருகியது.

நடிப்பின் தொடக்கம்

பள்ளிப் படிப்புக்குப் பின் கேசிடி நியூயார்க் சென்றார். 1969 ஜனவரி 2 அன்று பிராட்வேயில் அரங்கேறிய 'தி ஃபிக் லீவ்ஸ் ஆர் ஃபாலிங்' என்ற இசை நாடகத்தில் நடித்தார். அந்த நாடகம் நான்கே காட்சிகளுடன் நின்றுபோனது. எனினும் அதன்வழி அவருக்குத் திரை நடிப்புத் தேர்வுக்கான வாய்ப்பு கிடைத்தது. கலிபோர்னியா திரும்பி, 'அயர்ன்சைடு', 'பொனான்சா', 'மார்க்கஸ் வெல்பி', 'ஆடம்-12' போன்ற தொடர்களில் ஓரிரு பகுதிகளில் தோன்றினார். இவற்றில் பெரும்பாலும் துன்பத்துக்குள்ளான இளைஞனாகவே நடித்தார். நல்ல நடிகராகப் பெயர் பெறுவதே அப்போது அவருடைய நோக்கமாக இருந்தது.

தி பாட்ரிட்ஜ் ஃபேமிலி

ரோட் ஐலண்டு மாநிலத்தில் 'தி கௌசில்ஸ்' என்ற ஓர் உண்மையான குடும்ப இசைக்குழு இருந்தது. அண்ணன் தம்பியருடன் தங்கையும் தாயும் சேர்ந்து பாடிய அக்குழுவின் வெற்றியைக் கண்டே இத்தொடரின் கதைக்கரு பிறந்தது. கணவனை இழந்த ஒரு தாயும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து இசைக்குழு அமைக்கிறார்கள். வண்ணக் கட்டங்கள் தீட்டிய பழைய பள்ளிப் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடுகிறார்கள். வாரம் ஒரு சிக்கல், அரைமணி நேரத்தில் தீர்வு, முடிவில் ஒரு பாட்டு என்பதே தொடரின் அமைப்பு. இதை உருவாக்கியவர் எழுத்தாளர் பெர்னார்டு ஸ்லேடு.

தாயாக நடிக்க ஷர்லி ஜோன்ஸ் தேர்வானார். மூத்த மகன் கீத் வேடத்துக்குத் தேர்வானவர் அவருடைய கணவரின் மகனான டேவிட். திரையில் தாயும் மகனுமாகத் தோன்றியவர்கள் உண்மை வாழ்விலும் சிற்றன்னையும் மகனுமாக இருந்தனர். தொடர் 1970 செப்டம்பர் 25 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் 96 பகுதிகள் வெளிவந்தன.

அப்போது கேசிடிக்கு வயது இருபது. கீத் பாட்ரிட்ஜோ பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பையன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பி.பி. கிங் போன்றோரின் ராக், புளூஸ் இசையை விரும்பிக் கேட்ட இளைஞர், வெள்ளித்திரைப் பொம்மை போன்ற ஒரு நல்ல பிள்ளையாக வாரந்தோறும் தோன்றவேண்டியிருந்தது. அவருடைய வாழ்க்கையின் முரண் இங்கிருந்தே தொடங்குகிறது.

இசைத்தட்டில் ஒலித்த குரல்

தொடரில் ஆறு பேரும் இசைக்கருவி வாசித்துப் பாடுவதுபோல் காட்டப்பட்டது. உண்மையில் இசைத்தட்டுகளில் அந்த ஆறு பேரில் இருவரின் குரல் மட்டுமே இருந்தது: டேவிட் கேசிடி முதன்மைப் பாடகர், ஷர்லி ஜோன்ஸ் துணைக்குரல். கருவிகளை வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரிந்த கைதேர்ந்த இசைக்கலைஞர்கள். கூட்டுக்குரல்களும் தொழில்முறைப் பாடகர்களுடையவையே.

தொடக்கத்தில் கேசிடியையும் வாயசைக்க மட்டுமே வைத்திருந்தனர். நடிக்க வந்தவர் பாடவும் வல்லவர் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாது. இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபேரலிடம் தாமே பேசி, பாடிக் காட்டி, அந்த வாய்ப்பை அவர் பெற்றார்.

டோனி ரோமியோ எழுதிய 'ஐ திங்க் ஐ லவ் யூ' என்ற பாடல் குழுவின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. 1970 நவம்பர் 21ஆம் நாளிட்ட பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் அடைந்து, மூன்று வாரம் அங்கேயே நின்றது. இல்லாத ஒரு குடும்பத்தின் பெயரில் வெளியான இசைத்தட்டு, உண்மையான குழுக்கள் அனைத்தையும் முந்தியது. கிராமி விருதின் சிறந்த புதுக் கலைஞர் பிரிவிலும் 'பாட்ரிட்ஜ் குடும்பம்' பரிந்துரைக்கப்பட்டது.

வணிக அமைப்பு

இத்தொடரின் வெற்றியைப் புரிந்துகொள்ள, அதன் பின்னிருந்த வணிக அமைப்பைப் பார்க்கவேண்டும். ஸ்க்ரீன் ஜெம்ஸ், கொலம்பியா பிக்சர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவாகும். பாடல்களை வெளியிட்ட பெல் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனமும் கொலம்பியா பிக்சர்ஸின் உடைமையே. எனவே ஒவ்வொரு வாரமும் ஒளிபரப்பாகும் தொடர், அதே முதலாளியின் இசைத்தட்டுக்கு இலவச விளம்பரமாக அமைந்தது. இசைத்தட்டு விற்க விற்கத் தொடரைப் பார்ப்போர் கூடினர்.

இவற்றுடன் மூன்றாவதாக இதழ்கள் சேர்ந்தன. 'சிக்ஸ்டீன்', 'டைகர் பீட்' போன்ற இளையோர் இதழ்கள் மாதந்தோறும் கேசிடியின் வண்ணப்படங்களை வெளியிட்டன. அவருக்குப் பிடித்த நிறம், உணவு, எப்படிப்பட்ட பெண்ணை விரும்புவார் என்பன போன்ற செய்திகளை அச்சிட்டன. அவற்றில் வரும் டேவிட், பெரும்பாலும் கீத் பாட்ரிட்ஜின் மறுபெயராகவே இருந்தார். ரசிகர் மன்றத்துக்கு வந்து குவிந்த கடிதங்கள் பலவற்றில் அவர் கீத் என்றே அழைக்கப்பட்டார்.

நான்காவது பொருள் விற்பனை. உணவு எடுத்துச்செல்லும் டப்பா, சூயிங்கம் அட்டைகள், வண்ணம் தீட்டும் புத்தகங்கள், பலகை விளையாட்டு, படக்கதைப் புத்தகங்கள் எனப் பல பொருள்களில் அவர் முகம் அச்சிடப்பட்டது. இவற்றின் வருவாயில் தமக்கு மிகச் சிறிய பங்கே கிடைத்ததாக கேசிடி பின்னர் கூறிவந்தார்.

அவர் முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி சம்பளம் வாரத்துக்கு 600 டாலர். அவருடைய பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. தொடர் வெற்றிபெற்ற பின் அவருடைய மேலாளர் ரூத் ஏரன்ஸ் ஒன்றைக் கவனித்தார். கையெழுத்திட்டபோது கேசிடிக்கு வயது 19. அக்காலச் சட்டப்படி 21 வயது நிரம்பியவரே முழு வயதினர். ஆகவே அந்த ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட இடம் இருந்தது. நிறுவனம் புதிய ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தது. சம்பளமும் நிபந்தனைகளும் மேம்பட்டன. இந்த ஏரன்ஸ், 1936இல் பெண்கள் ஒற்றையர் மேசைப்பந்தாட்டத்தில் உலக வாகையர் பட்டம் வென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பொருள் விற்பனை வருவாய் குறித்த பூசல் அத்துடன் முடியவில்லை. கொலம்பியா பிக்சர்ஸ் பிற்காலத்தில் சோனி நிறுவனத்தின் கைக்கு மாறியது. தமக்குச் சேரவேண்டிய பங்கு தரப்படவில்லை என்று கூறி 2011இல், அதாவது தொடர் முடிந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு, கேசிடி அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

புகழின் உச்சம்

வாரநாள்களில் படப்பிடிப்பு, இரவில் பாடல் பதிவு, வாரக் கடைசியில் வெளியூர் இசைநிகழ்ச்சி என்பதே 1971 முதல் அவருடைய நடைமுறை. அதே ஆண்டில் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் இந்த ஓட்டத்துக்குச் சிறு இடைவெளி கிடைத்தது.

குழுவின் பெயரில் மட்டுமன்றித் தனிப் பெயரிலும் பாடல்கள் வெளிவந்தன. 'செரிஷ்' என்ற பாடல் 1971இல் அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1972 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த அவருடைய நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத்தீர்ந்தன. ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் போன்ற மாபெரும் விளையாட்டரங்குகளிலும் அவர் பாடினார். பாட்டு காதில் விழாத அளவுக்கு ரசிகைகளின் கூச்சல் இருந்தது. தங்கும் விடுதிகளுக்குப் பின்வாசல் வழியாகவும், சரக்கு வண்டிகளில் மறைத்தும் அவர் அழைத்துச் செல்லப்பட்டார்.

அமெரிக்காவில் ஆர்வம் தணியத் தொடங்கியபோது பிரித்தானியாவில் அது ஓங்கியது. 'ஹவ் கேன் ஐ பி ஷ்யூர்' (1972), 'டேட்ரீமர்' (1973) ஆகிய பாடல்கள் அங்கே முதலிடம் பெற்றன. 1973இல் வெளியான 'ட்ரீம்ஸ் ஆர் நத்திங் மோர் தேன் விஷஸ்' என்ற இசைத்தொகுப்பும் அங்கே முதலிடம் அடைந்தது. அமெரிக்காவில் தொடரின் நான்காம் ஆண்டு ஒளிபரப்பு சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. அதே நேரத்தில் ஒளிபரப்பான 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற மிகப் பிரபலமான தொடருடன் போட்டியிட இயலாமல் பார்வையாளர்கள் குறைந்தனர். 1974 மார்ச்சில் 'தி பாட்ரிட்ஜ் ஃபேமிலி' முடிவுக்கு வந்தது.

ரோலிங் ஸ்டோன் பேட்டி

தாம் கீத் பாட்ரிட்ஜ் இல்லை என்பதை உலகுக்குச் சொல்ல கேசிடி எடுத்த வெளிப்படையான முயற்சி, 1972 மே மாத 'ரோலிங் ஸ்டோன்' இதழில் வெளியானது. ராபின் கிரீன் எழுதிய அக்கட்டுரை, அவருடைய களைப்பையும் சலிப்பையும் அவரைச் சுற்றியிருந்த மதுவையும் போதைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொன்னது. உடன் வெளியான படங்களை எடுத்தவர் அன்னி லீபோவிட்ஸ். கேசிடி புல்தரையில் ஆடையின்றிப் படுத்திருப்பதுபோல் எடுக்கப்பட்ட படம் அட்டையில் இடம்பெற்றது.

நல்ல பிள்ளைத் தோற்றத்தை நம்பிப் பொருள் விற்றோருக்கு இது அதிர்ச்சியளித்தது. கடுமையான ராக் இசை ரசிகர்களோ இதனால் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய சட்டையைக் கழற்றிப் போட்டவருக்குப் புதிய சட்டை கிடைக்கவில்லை.

வைட் சிட்டி நிகழ்வு

1974இல் கேசிடி தம் இறுதி உலகச் சுற்றுப்பயணத்தை அறிவித்தார். ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் பாடிய பின் பிரித்தானியா வந்தார். மே 26 அன்று லண்டனின் வைட் சிட்டி விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடந்தது. இது 1908 ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கு. பல்லாயிரக்கணக்கான சிறுமியர் திரண்டிருந்தனர்.

மேடைக்கு முன்னால் நின்றிருந்த கூட்டம் முன்னோக்கி நெருக்கியது. இத்தகைய நெரிசலில் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்கள் சிறிது நகர்ந்தாலும் அந்த விசை ஒருவர் மேல் ஒருவராகச் சேர்ந்து, தடுப்புக்கு அருகில் இருப்பவர்களின் மார்பை அழுத்துகிறது. மிதிபடாமலேயே மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. அன்று நூற்றுக்கணக்கானோருக்கு முதலுதவி அளிக்கவேண்டியிருந்தது. 14 வயதுச் சிறுமி ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நான்கு நாள்களுக்குப் பின், மே 30 அன்று உயிரிழந்தார்.

தாம் வந்தால் இறுதிச் சடங்கும் கூட்ட நெரிசலாகிவிடும் என்பதால் கேசிடி அதில் கலந்துகொள்ளவில்லை. இந்த மரணம் தம்மை வாழ்நாள் முழுவதும் வருத்தியதாக அவர் பல பேட்டிகளில் குறிப்பிட்டுள்ளார். கூச்சலும் மயக்கமும் கனவு நாயகர்களின் நிகழ்ச்சிகளில் வழக்கமானவை என்றும், வெற்றியின் அடையாளம் என்றும் அதுவரை கருதப்பட்டன. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் என்பதை வைட் சிட்டி நிகழ்வு கடுமையாக நினைவூட்டியது.

விலகலும் மறுமுயற்சிகளும்

சுற்றுப்பயணங்களை நிறுத்திய கேசிடி, ஆர்சிஏ நிறுவனத்துக்காகத் தமக்குப் பிடித்த முறையில் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். 1975இல் வெளியான 'தி ஹையர் தே கிளைம்ப்' தொகுப்பு, பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டனுடன் இணைந்து தயாரிக்கப்பட்டது. உயர ஏறுபவர் விழும்போது அடியும் பலமாகப் படும் என்ற கருத்தே அதன் தலைப்பு. அதில் ஜான்ஸ்டன் எழுதிய 'ஐ ரைட் தி சாங்ஸ்' என்ற பாடலை கேசிடி பாடினார். பிரித்தானியாவில் அது பதினோராம் இடம் வரை வந்தது, அமெரிக்காவில் எடுபடவில்லை. சில மாதங்களில் அதே பாடலை பேரி மேனிலோ பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றார். பாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாடுபவரைப் பற்றிக் கேட்பவர் மனத்தில் முன்பே பதிந்த உருவம் அதன் வரவேற்பைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

1976 டிசம்பரில் ஜாக் கேசிடி தம் குடியிருப்பில் ஏற்பட்ட தீவிபத்தில் இறந்தார். அப்போது தந்தைக்கும் மகனுக்கும் இடையே நல்லுறவு இல்லை. அடுத்த ஆண்டில் தம்பி ஷான் கேசிடி, தொலைக்காட்சித் தொடரும் முதலிடப் பாடலுமாக அதே பாதையில் புதிய கனவு நாயகனாக எழுந்தார். தொழில்துறைக்குத் தேவைப்பட்டது அந்த இடத்தை நிரப்பும் ஒரு முகமே.

நடிகராகக் கேசிடிக்குக் கிடைத்த பெரும் பாராட்டு 1978இல் வந்தது. 'போலீஸ் ஸ்டோரி' தொடரின் ஒரு சிறப்புப் பகுதியில், பள்ளி மாணவன் வேடமிட்டுப் போதைப்பொருள் விற்பவர்களைக் கண்டறியும் காவலராக நடித்தார். அந்நடிப்புக்கு எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. அதையொட்டி அவருக்காகவே தொடங்கப்பட்ட புதிய தொடர் பத்துப் பகுதிகளுடன் நின்றுவிட்டது.

மேடை வாழ்க்கை

அவருக்கு நிலையான இடம் தந்தது, தந்தை வாழ்ந்த மேடையே. 1983இல் பிராட்வேயில் 'ஜோசஃப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்' இசை நாடகத்தில் முதன்மை வேடம் ஏற்றார். 1985இல் 'தி லாஸ்ட் கிஸ்' என்ற பாடல் பிரித்தானியாவில் ஆறாம் இடம் பெற்றது. அதில் ஜார்ஜ் மைக்கேல் துணைக்குரல் கொடுத்தார். 1987இல் லண்டனில் 'டைம்' என்ற இசை நாடகத்தில் கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின் அவருடைய வேடத்தில் நடித்தார்.

1993இல் பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்' நாடகத்தில் டேவிடும் ஷானும் இணைந்து நடித்தனர். பிறந்தவுடன் பிரிக்கப்பட்டு, ஒருவன் வறிய வீட்டிலும் மற்றவன் செல்வர் வீட்டிலும் வளரும் இரட்டையர் கதை அது. வெவ்வேறு தாய்மாருக்குப் பிறந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரு சகோதரர்கள் அவ்வேடங்களை ஏற்றது விமரிசகர்களின் கவனத்தை ஈர்த்தது. தாய் வேடத்தில் பாடகி பெட்டுலா கிளார்க் நடித்தார். 1996 முதல் லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்டு விடுதியில் 'இஎஃப்எக்ஸ்' என்ற பிரம்மாண்ட மேடைக்காட்சியின் நாயகனாக விளங்கினார்.

'கம் ஆன், கெட் ஹேப்பி' (1994), 'குட் இட் பி ஃபாரெவர்?' (2007) என்ற இரு தன்வரலாற்று நூல்களையும் அவர் எழுதினார். 2001இல் பழைய பாடல்களை மீண்டும் பாடி வெளியிட்ட தொகுப்பு பிரித்தானியாவில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. நடுவயதை எட்டியிருந்த பழைய ரசிகைகள் மீண்டும் அரங்குகளுக்கு வந்தனர். இளமையில் உதறித்தள்ள விரும்பிய பாடல்களை, பிற்காலத்தில் அவர் மனமுவந்து பாடினார்.

இறுதி ஆண்டுகள்

2010 முதல் 2014 வரை குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய குற்றத்துக்காக அவர் மூன்று முறை கைது செய்யப்பட்டார். 2015இல் கடன் தீர்க்க இயலாத நிலையில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தார். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் பாடல் வரிகளை மறந்து தடுமாறினார். தமக்கு மறதிநோய் இருப்பதாகவும் மேடையிலிருந்து ஓய்வு பெறுவதாகவும் அதன்பின் அறிவித்தார். அவருடைய தாயும் தாத்தாவும் அதே நோயால் துன்புற்றவர்கள்.

அவ்வாண்டு நவம்பரில் கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்த நிலையில் ஃபுளோரிடா மாநில மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, நவம்பர் 21 அன்று 67ஆம் வயதில் காலமானார். மகன் போ கேசிடி இசைத்துறையிலும், மகள் கேட்டி கேசிடி நடிப்புத் துறையிலும் உள்ளனர்.

மறைவுக்குப் பின் 2018இல் ஏ அண்டு இ தொலைக்காட்சியில் 'தி லாஸ்ட் செஷன்' என்ற ஆவணப்படம் வெளியானது. தம் தந்தைக்குப் பிடித்த பாடல்களை அவர் கடைசியாகப் பதிவு செய்தபோது எடுக்கப்பட்ட படம் இது. அதில் இடம்பெற்ற தொலைபேசி உரையாடலில், தமக்கு மறதிநோய் இல்லை என்றும், தமக்கு நேர்ந்தது குடியால் விளைந்தது என்றும், குடியை விட்டுவிட்டதாகத் தாம் சொன்னது உண்மையில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். தம்மைப் பற்றிப் பிறர் புனைந்த உருவத்துடன் நெடுங்காலம் போராடியவர், இறுதியில் தாமே புனைந்த ஒன்றைத் திருத்திச் சென்றார்.

மதிப்பீடு

கேசிடியின் பாடல்களை அக்காலத் திறனாய்வாளர்கள் பலர் 'பபுள்கம் இசை', அதாவது சுவைத்துத் துப்பிவிடும் மிட்டாய் இசை என்று ஒதுக்கினர். ஆயினும், மெல்லிய மூச்சோடு நெருங்கிப் பேசுவதுபோன்ற அவருடைய குரல், அப்பாடல்களின் தரத்துக்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் பலராலும் ஏற்கப்பட்டது. வாயசைக்க மட்டும் அமர்த்தப்பட்ட ஒருவர், தாமே கேட்டுப் பெற்ற வாய்ப்பினால் பாடகரானார் என்பதை இங்கு மறக்கலாகாது.

தொலைக்காட்சி, இசைத்தட்டு, இதழ், பொருள் விற்பனை ஆகிய நான்கையும் ஒரே இளைஞரின் முகத்தில் பிணைக்கும் முறை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. டிஸ்னி சேனல் 2006இல் தொடங்கிய 'ஹன்னா மொன்டானா' தொடரில் மைலி சைரஸ் நடித்துப் பாடியதும் இதே வழியில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளம் கலைஞரின் வயது, அவர் முகத்தின் மீதான உரிமை, ஓய்வு நேரம், அவரைக் காணத் திரளும் சிறுவர்களின் பாதுகாப்பு ஆகியவை குறித்து கேசிடியின் வாழ்க்கை எழுப்பிய வினாக்கள் இன்றும் பொருந்துவன.